பிடிஎஃப்ஓ 8-8695: பச்சிளம் விண்மீனும் அதன் சந்தேகக் கோளும் – பெங்களூர் வாசகர்களுக்கான கேள்வி பதில்

ஓரையன் திசையில் உள்ள பிடிஎஃப்ஓ 8-8695 என்ற சிறு விண்மீனை ராட்சதக் கோள் ஒன்று பதினொரு மணி நேரத்துக்கும் குறைவான காலத்தில் சுற்றிவருவதாக 2012இல் ஓர் ஆய்வுக் குழு சொன்னது. அது கோள்தானா என்ற விவாதம் எட்டு ஆண்டுகள் நடந்தது. பெங்களூரில் டெலஸ்கோப்பும் கேமராவும் வைத்திருப்பவர்களும், லேப்டாப் மட்டும் வைத்திருப்பவர்களும் இதைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளுக்குக் கீழே பதில்கள்.

இந்த விண்மீன் வானில் எங்கே இருக்கிறது?

திருவாதிரைக்கு எதிர்த் தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸை முதலில் பிடியுங்கள். அங்கிருந்து நேர் தெற்கே, ஏறத்தாழ 4.8 பாகை கீழே வந்தால் இடம் அதுதான். வல ஏற்றம் 5 மணி 25 நிமிடம், நடுவரை விலக்கம் +1° 34′. அருகிலேயே வெறும் கண்ணுக்குத் தெரியும் 25 ஓரையனிஸ் இருக்கிறது. அதற்குத் தெற்கே கால் பாகை, சற்றுக் கிழக்கே தள்ளித் தேட வேண்டும். தொலைவு சுமார் 1,100 ஒளியாண்டு. பட்டியல்களில் சிவிஎஸ்ஓ 30 என்ற பெயரிலும் இருக்கும். தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

காட்சிப் பொலிவு எண் 16க்கு மேல், சிவப்பு நிறத்தில் சுமார் 15 (எண் கூடக்கூட மங்கல்). கண்ணை வைத்துப் பார்த்தால் சாதாரண அமெச்சூர் டெலஸ்கோப்பில் தெரியாது. கேமரா இருந்தால் மட்டுமே பேச்சு.

எவ்வளவு இளசு?

வயது 20 முதல் 30 லட்சம் ஆண்டுகள். நம் சூரியனை 60 வயதுக்காரர் என்று வைத்துக்கொண்டால் இது பிறந்து பதினைந்து நாள்கூடத் தாண்டாத குழந்தை. எம்3 வகைச் சிவப்புக் குறுமீன். நிறை சூரியனில் பாதிக்கும் குறைவு. இன்னும் சுருங்கிக்கொண்டே இருப்பதால் வேகமாகச் சுழல்கிறது, காந்தப்புலம் வலிமையானது, மேற்பரப்பில் பெரிய பெரிய கரும்புள்ளிகள், அடிக்கடி தீப்பிழம்பு. இந்த நான்கும்தான் பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் மூலம்.

கோள் இருப்பதாக எதை வைத்துச் சொன்னார்கள்?

பாலோமர் மலையின் 48 அங்குல டெலஸ்கோப்பில் நடந்த கணக்கெடுப்பில் இந்த விண்மீன் 0.4484 நாளுக்கு ஒருமுறை, அதாவது 10.76 மணி நேரத்துக்கு ஒருமுறை, சில சதவீதம் மங்கியது. மங்கல் ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நீடித்தது. கோள் குறுக்கே கடப்பதாகக் கொண்டால் ஆரம் வியாழனைப் போல 1.9 மடங்கு வருகிறது. ஆரத் திசைவேக அளவுகள், அதாவது விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் ஆடும் வேகம், நிறைக்கு மேல் எல்லையாக 5.5 வியாழ நிறையைக் கொடுத்தன.

அந்தக் கட்டுரையே இதைக் கோள் என்று அடித்துச் சொல்லவில்லை, "சாத்தியமான கோள்" என்றே எழுதியது. 2009-10 பருவத்து மங்கலும் 2010 டிசம்பர் மங்கலும் வடிவில் ஒத்துப்போகவில்லை என்பதையும் அவர்களே காட்டியிருந்தார்கள். சாதாரணக் கோள் கடப்பு வருடத்துக்கு வருடம் உருமாறாது.

அவ்வளவு நெருக்கத்தில் ஒரு வாயுக் கோள் உடையாமல் இருக்குமா?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். விண்மீனின் நிறை 0.39 சூரியன், சுற்றுக்காலம் 0.4484 நாள் என்றால் கெப்ளர் விதிப்படி சுற்றுப்பாதை ஆரம் 0.0084 வானியல் அலகு, அதாவது சுமார் 12.5 லட்சம் கி.மீ. நிலவு நமக்கு இருக்கும் தூரத்தில் மூன்றேகால் மடங்குதான்.

இதற்கு மேல் நெருங்கினால் விண்மீனின் ஈர்ப்பு கோளைக் கிழித்துவிடும் என்ற தூரமே ரோச் எல்லை. அதற்கு ஒரு வசதியான சூத்திரம் உண்டு. ஒரு கன செ.மீ.க்கு 1 கிராம் அடர்த்தியுள்ள திரவக் கோள் 12.6 மணிக்குக் குறைந்த சுற்றுக்காலத்தில் தாங்காது. இந்த எல்லை அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். 10.76 மணிக்கு வேண்டிய அடர்த்தி (12.6 ÷ 10.76)² ≈ 1.37. நம் கோளுக்கு அதிகபட்ச நிறையையே கொடுத்தாலும் 5.5 ÷ 1.9³ × 1.33 ≈ 1.07தான் கிடைக்கிறது (1.33 என்பது வியாழனின் அடர்த்தி). நடுவில் கனம் குவிந்த கோளுக்கு எல்லை கொஞ்சம் தளரும், அதனால் "முடியவே முடியாது" என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விளிம்பில் நிற்கிறது; நிறை இன்னும் குறைவாக இருந்தால் விளிம்பையும் தாண்டிவிடும்.

அப்படியானால் கோளிலிருந்து வாயு வழிய வேண்டுமே?

2016இல் கிறிஸ்டோபர் ஜான்ஸ்-க்ருல் குழு வைத்த வாதம் அதுதான். மெக்டொனால்ட், கிட் பீக் ஆய்வகங்களில் எடுத்த நிறமாலைகளில், ஹைட்ரஜனின் எச்-ஆல்ஃபா கோட்டில் விண்மீனுடையதோடு கூடுதலாக ஓர் ஒளிர்வு தெரிந்தது. அது கோளுக்கு எதிர்பார்த்த திசைவேகத்தோடு முன்னும் பின்னும் நகர்ந்தது. வலிமை ஏறக்குறைய விண்மீனுடைய எச்-ஆல்ஃபாவுக்கே சமம். கோளிலிருந்து உரிந்து வரும் வாயு என்று விளக்கம் சொன்னார்கள்.

கோள் தரப்பின் வலுவான சான்று இதுவே. அதே கையெழுத்தை, விண்மீனின் காந்தப்புலத்தில் சிக்கிக்கொண்டு அதோடு சேர்ந்தே சுழலும் வாயுத் திரளும் போடும் என்பதுதான் இதன் பலவீனம்.

சந்தேகம் எப்படி வலுத்தது?

2015இல் இந்த விண்மீனை வரிசையாகப் பல சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். சூடான கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது அகச்சிவப்பில் ஒரு சிறு குறைவு தெரிய வேண்டும், தெரியவில்லை. வினாடிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுழலும் விண்மீனின் ஒரு பக்கத்தைக் கோள் மறைக்கும்போது நிறமாலைக் கோடு ஒருபுறம் சாய வேண்டும். எதிர்பார்த்த அளவில் சாயவில்லை. மங்கல் நீல ஒளியில் ஆழமாகவும் அகச்சிவப்பில் மேலோட்டமாகவும் இருந்தது. போதாக்குறைக்கு, மங்கல் வர வேண்டிய நேரத்தில் வராமல் தள்ளிப்போனது.

இவற்றில் நிறச் சோதனைக்கே அதிக எடை கொடுக்க வேண்டும். கோள் என்பது ஒளி புகாத வட்டு. எந்த நிறத்தில் பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே பங்கைத்தான் மறைக்கும். தூசியும் கரும்புள்ளியும் வெப்பப்புள்ளியும் நிறம் பார்த்தே வேலை செய்யும்.

டெஸ் செயற்கைக்கோள் என்ன காட்டியது?

2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை, கோள் கடப்புகளைத் தேடும் நாசாவின் டெஸ் இந்தப் பகுதியை விடாமல் பார்த்தது. அந்தத் தரவை வைத்து 2020இல் வெளிவந்த ஆய்வு, அங்கே ஒரு துடிப்பல்ல, இரண்டு இருப்பதைக் காட்டியது: ஒன்று 10.76 மணி, மற்றொன்று 11.98 மணி. இரண்டாவதுதான் வலியது. விண்மீன்களின் இடத்தை அளக்கும் கையா செயற்கைக்கோளின் அளவுகளும் இரட்டை விண்மீன் என்பதற்கே சாதகம். ஆக, படத்தில் ஒன்றாகத் தெரிவது இரண்டு சிவப்புக் குறுமீன்கள். ஒவ்வொன்றும் தன் வேகத்தில் சுழல்கிறது. 10.76 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் மங்கல், அவற்றில் ஒன்றோடு சேர்ந்து சுழலும் வாயு அல்லது தூசியின் வேலை. இதே போன்ற வினோத ஒளி வளைவு (நேரத்தோடு ஒளி மாறுவதன் வரைபடம்) காட்டும் இளம் சிவப்புக் குறுமீன்கள் வேறும் கிடைத்திருப்பதால் இந்த விளக்கம் தனித்து நிற்கவில்லை.

வலிய துடிப்பைத் தரையிலிருந்து பார்த்தவர்கள் எப்படித் தவறவிட்டார்கள்?

11.98ஐ இரண்டால் பெருக்குங்கள்: 23.96 மணி. ஒரே இடத்திலிருந்து தினமும் இரவு பத்து மணிக்குப் பார்த்தால் துடிப்பின் ஒரே கட்டம்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நாளுக்கு வெறும் 2.4 நிமிடம் நகரும். ஒரு முழுச் சுற்று நகர்ந்துவர 300 நாள் ஆகும், அதற்குள் ஓரையன் பருவமே முடிந்துவிடும். வளிமண்டலத்தால் இரவு முழுக்க ஏற்படும் மெதுவான ஏற்ற இறக்கம் என்று நினைத்து அதைத் திருத்தித் தள்ளிவிடுவதும் எளிது. இரண்டு துடிப்புகளும் ஒன்றோடொன்று மோதி 4.4 நாளுக்கு ஒருமுறை ஒத்துப்போகும். மங்கலின் வடிவம் இரவுக்கு இரவு மாறியதில் இதற்கும் பங்கு உண்டு.

ஆக, கோள் இல்லையா?

இல்லை என்ற பக்கமே தராசு நன்றாகத் தாழ்ந்திருக்கிறது. பழைய செய்திகளில் "விண்மீன் விழுங்கும் கோள்" என்று வந்ததை இன்றும் பகிர்கிறார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2016இல் இதே விண்மீனுக்கு வெகு தொலைவில் இரண்டாவது கோள் ஒன்று படமெடுக்கப்பட்டதாக வந்த செய்தியும் நிற்கவில்லை; அது பின்னணி விண்மீன்.

டெஸ் தரவை வீட்டிலேயே அலசிப் பார்க்க முடியுமா?

முடியும், செலவும் இல்லை. பைத்தான் நிரல்மொழியும் அதற்கான லைட்கர்வ் தொகுப்பும் போதும். ஒரு சனிக்கிழமை பிற்பகலுக்குள் முடிகிற வேலை. மேகம் பார்க்க வேண்டாம், வெள்ளைத் தெருவிளக்கைத் திட்ட வேண்டாம்.

விண்மீன் பெயரைக் கொடுத்துத் தேடி, டெஸ்ஸின் 6ஆம் பகுதித் (செக்டர்) தரவை இறக்குங்கள். தரக் குறியீடு விழுந்த புள்ளிகளை நீக்கி, சராசரியை 1 ஆக்குங்கள். அடுத்து, துடிப்புகளின் காலத்தைத் தேடித் தரும் லோம்ப்-ஸ்கார்கில் அலைவெண் வரைபடத்தை 0.3 முதல் 0.7 நாள் வரை ஓட்டினால் 0.499, 0.448 நாள்களில் இரண்டு கொம்புகள் நிற்கும். 0.499 நாளுக்கு ஒரு சைன் அலையையும் அதன் இரட்டை அலைவெண்ணையும் சேர்த்துப் பொருத்தி, மூலத்திலிருந்து கழியுங்கள். மிச்சத்தை 0.4484 நாளில் மடித்தால், அதாவது அந்த நீளத் துண்டுகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மங்கல் தனியாக எழுந்து வரும். தரவை முன்பாதி, பின்பாதி என்று வெட்டித் தனித்தனியாக மடித்துப் பார்ப்பதும் நல்லது. வடிவம் நிலையாக இருக்கிறதா என்பது அதில் தெரியும்.

பெரும்பாலோர் சறுக்குவது, மெதுவான ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கும் "ஃப்ளாட்டன்" கட்டளையில். அதன் இயல்பான சாளரம் 101 புள்ளி. இரண்டு நிமிடத் தரவில் அது 3.4 மணி நேரம். நீங்கள் தேடும் மங்கலே இரண்டு மணி நேரத்தை நெருங்குவதால் வடிகட்டி மங்கலின் அடியைத் தூக்கி, இருபுறமும் பொய்யான மேடுகளை எழுப்பிவிடும். இவ்வளவு வேகமாகச் சுழலும் விண்மீனில் அந்தக் கட்டளையைத் தொடவே வேண்டாம். பெட்டி வடிவப் பள்ளங்களைக் கோள் கடப்பாக எடுத்துத் தேடும் முறையும் அப்படித்தான்: சைன் அலையை அப்படியே அதற்குத் தீனியாகப் போட்டால் பள்ளத்தையெல்லாம் கோள் என்று சொல்லும்.

இன்னொன்று: டெஸ் பிக்சல் ஒன்று 21 விகலை (பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு விகலை) அகலம். பக்கத்து விண்மீனின் ஒளியும் உங்கள் எண்ணில் கலந்திருக்கும். மங்கலின் ஆழத்தைத் தரை அளவுகளோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

பெங்களூரிலிருந்து 8 அங்குல டெலஸ்கோப்பில் மங்கலைப் பிடிக்க முடியுமா?

நகருக்குள் பெரும்பாடு. சிவப்பு வடிகட்டியில், 120 விநாடிப் படத்தில், இந்த விண்மீனிலிருந்து சுமார் 11,000 எலக்ட்ரான் கிடைக்கும். அதை அளக்கும் வட்டத்துக்குள் ஒயிட்ஃபீல்டோ ஜெயநகரோ போன்ற இடத்து வானப் பின்னணி ஒரு லட்சத்துக்கு மேல் கொட்டும். இரைச்சல் இரண்டின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம், அதாவது சுமார் 365. ஒரு படத்தின் பிழை 3%. தேடும் மங்கலும் அதே அளவு. பத்துப் படங்களைச் சேர்த்தால் பிழை 1% ஆகும், ஆனால் மங்கலின் விளிம்புகள் மழுங்கிவிடும். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் இருட்டான இடத்துக்குப் போனால் ஒரு படத்துக்கே 1.3% கிடைக்கும். எல்லாம் தோராயக் கணக்குதான். உங்கள் கேமராவுக்கு ஏற்பக் கூடக் குறைய வரும்.

உயரம் நமக்குச் சாதகம். பெங்களூரின் அட்சரேகை 13°. இந்த விண்மீன் உச்சியில் 78 பாகைக்கு மேல் ஏறுகிறது, காற்றுப் படலம் மிக மெல்லியது. அதுவே வேறொரு தொல்லையும் தரும். இரட்டை அச்சு உயர-திசை மவுன்டில் உச்சியைக் கடக்கும்போது படப்புலம் மணிக்கு 70 பாகைக்கு மேல் சுழலும். 120 விநாடியில் இரண்டரைப் பாகை. படத்தின் ஓரத்து விண்மீன்கள் வில்லாக இழுபடும், ஒப்பீடு கெடும். ஈக்வடோரியல் மவுன்ட் என்றால் விண்மீன் நடுக்கோட்டை (உச்சி வழியே போகும் வடக்கு-தெற்குக் கோடு) கடக்கும்போது டெலஸ்கோப்பைப் புரட்ட வேண்டும். விண்மீன் வேறு பிக்சலுக்குப் போய், ஒளி வளைவில் ஒரு படி விழும். மங்கலின் நடுவில் புரட்டல் வராதபடி நேரம் குறியுங்கள். டிசம்பர் நடுவில் நடுக்கோட்டைக் கடப்பது இரவு 12.15 வாக்கில், பிப்ரவரி நடுவில் 8.15 வாக்கில்.

எந்த இரவில் மங்கல் வரும் என்று எப்படிக் குறிப்பது?

இரண்டு சுற்றுக்கு 21 மணி 31 நிமிடம். ஆக, இன்று தெரிந்த மங்கல் நாளை 2 மணி 29 நிமிடம் முந்தி வரும். ஒன்பது சுற்று முடிந்தால் நான்கு நாள் கழித்து 51 நிமிடம் பிந்தி வரும். இந்த இரண்டை வைத்து ஒரு வார அட்டவணை போட்டுவிடலாம். ஆனால் பழைய கட்டுரையிலுள்ள தொடக்க நேரத்திலிருந்து எண்ணாதீர்கள். சுற்றுக்கு மூன்றரை விநாடி பிசகினாலே ஓராண்டில் 47 நிமிடம் தள்ளிப்போகும். மங்கலும் தானாக இடம் மாறக்கூடியது. ஒரு முழு இரவு பார்த்து நீங்களே ஒன்றைப் பிடித்துவிட்டு அங்கிருந்து எண்ணுவதே உருப்படியான வழி.

படமெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை?

லேப்டாப் நேரத்தை இணையக் கடிகாரத்தோடு ஒத்திசையுங்கள். ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் சூரியக் குடும்பத்தின் நிறைமைய நேரத்துக்கு மாற்றுங்கள். விட்டால் பருவத்தைப் பொறுத்து எட்டு நிமிடம் வரை பிசகும். கேமராவின் குறைகளைத் திருத்த உதவும் டார்க், பயாஸ், ஃப்ளாட் படங்கள் ஒவ்வொன்றும் இருபதாவது வேண்டும், ஃப்ளாட்டை அன்றைய ஃபோகஸிலேயே எடுக்க வேண்டும். இலவச ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருள் மிச்சத்தைச் செய்யும்.

ஒப்பீட்டு விண்மீன் தேர்வில்தான் பலரின் வேலை பாழாகிறது. நம் விண்மீன் நல்ல சிவப்பு. ஓரையனில் கைக்கு எட்டுவதெல்லாம் நீலம். விண்மீன்கள் சரியும்போது காற்று நீலத்தை அதிகம் சிதறடிக்கும். விகிதம் மெல்ல வளைந்து, பார்ப்பதற்குக் கடப்பின் தொடக்கம் போலவே இருக்கும். நிறம் ஒத்த மூன்று நான்கு விண்மீன்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றை மற்றவற்றோடு ஒப்பிட்டு அது நேர்கோடாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். அருகிலுள்ளவை பலவும் அதே இளங்கூட்டத்தைச் சேர்ந்தவை, அவையும் துடிக்கும்.

திடீரென்று ஏறி மெதுவாக இறங்கினால் அது தீப்பிழம்பு. அதை வெட்டி எறியாமல் தனியாகக் குறித்து வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் விடியலுக்கு முன் பனி இறங்கும். லென்ஸ் சூடேற்றும் பட்டை இல்லாவிட்டால் நள்ளிரவுக்குப் பிறகு வரும் "மங்கல்" கண்ணாடியில் படிந்த ஈரம்தான்.

ஒரு வடிகட்டி போதாதா?

போதாது. பச்சை அல்லது நீலம் ஒன்று, அகச்சிவப்புக்கு அருகில் ஒன்று என மாற்றி மாற்றி எடுங்கள். நேரத் துல்லியம் பாதியாகும், பரவாயில்லை. இரண்டு நிறத்திலும் ஆழம் ஒன்றா, வேறா என்பதுதான் இந்த விண்மீனைக் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. ஆரத் திசைவேகத்திலும் அதே விதி: 2008இல் டிடபிள்யூ ஹைட்ரே என்ற இளம் விண்மீன் கண்ணுறு ஒளியில் வினாடிக்கு 198 மீட்டர் ஆடியது, பத்து வியாழ நிறையில் கோள் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு அகச்சிவப்பில் அளந்தபோது அந்த ஆட்டமே இல்லை, காரணம் கரும்புள்ளி.

இதற்கு முன் எதில் பழகுவது?

வாஸ்ப்-43 என்ற விண்மீனில். பொலிவு எண் 12.4, மங்கல் 2.5%, நீளம் ஒரு மணி பத்து நிமிடத்தை ஒட்டி, சுற்றுக்காலம் 19.5 மணி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெங்களூர் வானில் வசதியான உயரத்தில் இருக்கும். அங்கே கோள் இருப்பது உறுதி என்பதால், உங்கள் வளைவு சரியாக வரவில்லை என்றால் கோளாறு உங்கள் பக்கம்தான்.

காவலூர், ஹான்லே டெலஸ்கோப்கள்?

கோரமங்களாவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இரண்டையும் நடத்துகிறது. காவலூரில் 2.34 மீட்டர், லடாக்கில் உள்ள ஹான்லேயின் 2 மீட்டர் டெலஸ்கோப்பை ஹொசகோட்டேயில் உட்கார்ந்தே இயக்குகிறார்கள். இவற்றில் நேரம் வேண்டுமென்றால் ஆய்வு முன்மொழிவு எழுத வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஓர் ஆய்வாளரோடு சேர்ந்து முயல்வதே நடைமுறை.

இளம் விண்மீன்களைச் சுற்றி உறுதியான கோளே கிடையாதா?

உண்டு. கே2-33 பி: 50 லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டு வயது, 5.4 நாள் சுற்று, நெப்டியூனை விடச் சற்றுப் பெரியது. ஐராஸ் 04125+2902 என்ற விண்மீனுக்கு வயது 30 லட்சமே. அதைக் கடக்கும் கோள் 2024இல் உறுதியானது, சுற்றுக்காலம் 8.8 நாள். ஹிப் 67522 பி பார்வைக்கு வியாழன் அளவு, 1.7 கோடி ஆண்டு வயது. ஆனால் ஜேம்ஸ் வெப் அதன் வளிமண்டலத்தை ஆராய்ந்தபோது நிறை நெப்டியூன் அளவில்தான் என்று தெரிந்தது. ஊதிப்போன சிறு கோள்! வி830 டௌ, சிஐ டௌ என்ற இரு விண்மீன்களின் கோள்கள் உண்மையா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இவை எதற்கு இவ்வளவு முக்கியம் என்றால், வியாழன் போன்ற கோள் விண்மீனை ஒட்டி எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு வயதுதான் சாட்சி. வாயுத் தட்டோடு சேர்ந்து உள்ளே நகர்ந்து வந்திருந்தால் தட்டு கலையும் சில லட்சம், சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் வந்தாக வேண்டும். மற்ற கோள்கள் எறிந்து, நீள்வட்டப் பாதை மெல்லச் சுருங்கி வருவதற்குப் பெரும்பாலும் அதைவிட வெகு காலம் பிடிக்கும்.

நான் எடுத்த அளவுகளை யாருக்கு அனுப்புவது?

மாறொளி விண்மீன் பார்வையாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஏஏவிஎஸ்ஓவின் தரவுத்தளம் உலகெங்கிலுமிருந்து அளவுகளை ஏற்கிறது. வடிகட்டியின் பெயர், நேர முறை, ஒப்பீட்டு விண்மீன்களின் அடையாளம், ஒவ்வொரு புள்ளியின் பிழை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். மங்கல் தெரியாத இரவுகளையும் சேர்த்து அனுப்புங்கள். உருமாறும் விண்மீனில் அன்று என்ன இல்லை என்பதும் தரவுதான்.